மச்சான் எனக்கு மரியாதை தந்த காலம்

உயிரோடு இருந்த ஒரு மனிதனின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, அதற்கு மேல் சிவப்பு பல்பும் எரியவிட்டவன் நான். அதுவும் சுனாமி அலை வந்து போன ஊரில். அதுவும் அவரைக் கௌரவிப்பதாக நினைத்துக்கொண்டு. தலை நரைத்த பிறகு, ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று சிலர் என்னிடம் வந்து ஆலோசனை கேட்கிறார்கள். முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதைக் கேட்ட பிறகும் எழும்பிப் போகாமல் இருக்கிறவர் என்னைவிடப் பெரிய மடையராகத்தான் இருக்க வேண்டும்.

நான் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் சேல்ஸ்மேனாக நின்றவன். கல்யாணம் முடித்துச் செட்டிபாளையத்துக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு. அலை கடற்கரைப் பக்கத்து வீடுகளைத் துடைத்துக்கொண்டு போயிற்று. ஊரின் மற்றப் பக்கம், கடல்போல் அகன்ற உப்புநீர் வாவியின் கரையில் இருந்த எங்கள் வீடு தப்பியது. பிறகு எங்கு பார்த்தாலும் வீடு கட்டும் வேலை. சீமெந்துக் கல்லுக்கு ஆட்கள் அலைந்தார்கள். கடையில் சீமெந்து விற்றவனுக்குக் கல்லும் செய்யத் தெரியும் என்று யார் சொன்னார்களோ, நானே நம்பிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால், வாவியைப் பார்த்த வளவில், கல்லு வாடி ஒன்றைத் தொடங்கினேன்.

தொடங்கினேன் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். வளவு மனைவியுடையது. கலவை மெசின் மனைவியின் அண்ணன், பெரிய மச்சானுடையது. கிணறு மாமியுடையது. என்னுடையது என்று சொல்ல இருந்தது ஒரு சுழல்கதிரை மட்டும். டவுனில் மூடிய ஒரு கந்தோரில் இருந்து மலிவாக வாங்கியது. அது மணலில் சுழலவில்லை. நான் அதில் குந்தியதும் சில்லுகள் மெல்லப் புதைந்தன. மத்தியானம் ஆகும்போது முதலாளியின் முழங்கால் அவருடைய நாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் மனைவியின் அண்ணன், தம்பி, சித்தப்பா மக்கள். அதாவது, எனக்கு எல்லாரும் மச்சான்மார். இந்த இடத்தில்தான் வெளியூர் நிர்வாகப் புத்தகங்கள் எங்கள் ஊரில் செல்லுபடியாகாமல் போகின்றன. மருமகனை ஏவலாம். தம்பியை அதட்டலாம். மச்சானை இரண்டும் செய்ய முடியாது. மச்சான் என்றால் பகிடி விட, கேலி பண்ண உரிமை உள்ளவன். அந்த உரிமையை அவன் மறந்தும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

முதல் நாள் நான் குரலைச் சற்றுத் தடிப்பாக்கி, “மச்சான், சீமெந்து கொஞ்சம் கூடப் போடுங்க” என்றேன்.

பெரிய மச்சான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “டேய், எல்லாரும் இஞ்ச வாங்கடா! டவுன் மாப்பிள்ளைக்குச் சீமெந்து எது, சீனி எது எண்டு தெரிஞ்சு போச்சு!”

வாடி முழுக்கச் சிரித்தது. சிரித்த சிரிப்போடு சீமெந்தும் சரியான அளவில் விழுந்தது. அதுதான் எங்கள் முறை. நான் ஒன்று சொல்வேன். அவர் அதை வைத்து என்னை வறுத்தெடுப்பார். அந்த இடைவெளியில் வேலை நடந்துவிடும். அவர் என்னை மட்டும் விட்டுவைத்தாரா என்றால், இல்லை. மண் அள்ளுகிறவனின் தொப்பையை, தண்ணி ஊற்றுகிறவனின் காதலை, யாரையும் விடமாட்டார். தன் முறை வந்துவிடக் கூடாதென்று அவனவன் கெதியாக வேலை செய்வான். பகல் முழுவதும் அவருடைய வாய்தான் வாடியின் எஞ்சின். கல்லை இட்டுக்கொண்டு நகர்ந்து போகும் அச்சு மெசினுக்கு அவர் வைத்த பெயர் பேட்டுக்கோழி. முதலாளிக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

எனக்கு இது போதும் போதும் என்றாகிவிட்டது. முதலாளி என்றால் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

வடக்கில் சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அலைக்குப் பிறகு வந்த நிறுவனங்களும் சண்டைக்குப் பிறகு வந்த நிறுவனங்களும் சேர்ந்து எங்கள் பக்கத்தில் பயிற்சி பெறாத ஆளே இல்லை என்று ஆக்கியிருந்தன. பிறந்ததிலிருந்து வலையோடு கிடந்தவனைக் கூப்பிட்டு வலை பொத்தப் பயிற்சி கொடுத்தார்கள். அவனும் போய் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தான். எனக்கு வந்தது தலைமைத்துவப் பயிற்சி. வாவிக்கரையில் ஒரு ஹோட்டல். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் எங்களுக்கு பலூன் ஊதத் தந்தார். ஏன் ஊதினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால், அவர் சொன்ன இரண்டு விசயங்கள் மண்டையில் ஏறிவிட்டன. மரியாதை இல்லாத இடத்தில் தலைமை இல்லை என்பது ஒன்று. நன்றாக வேலை செய்கிறவரை எல்லாருக்கும் முன்னால் பாராட்டி, அவர் படத்தை எல்லாரும் காணும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது மற்றது.

பெரிய மச்சானின் படம் என்னிடம் இருந்தது, எங்கள் கல்யாண அல்பத்தில். தங்கச்சியை அனுப்பி வைக்கிற சோகத்தில் மனிதர் மிகவும் பாரமான முகத்தோடு நின்றிருந்தார். அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு காத்தான்குடியில் ஒரு சட்டக் கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

“நல்ல மனிசன்ட முகம். அலையிலயா தம்பி, வெடியிலயா?”

“இல்ல காக்கா, ஆள் நல்லா வேலை செய்யிறார். அதுக்குத்தான் படம்.”

காக்கா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். துக்கத்தில் ஆட்கள் இப்படிப் பறைவதை அவர் நிறையக் கண்டிருக்க வேண்டும். “ஓம் மனே, ஓம். நல்ல ஆக்கள் எங்க போனாலும் நம்மளோடதான் இரிப்பாங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டு, சட்டத்துக்கு மேல் ஒரு சிவப்பு பல்பையும் தன் செலவில் பூட்டித் தந்தார்.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஊரில் பாதி வீடுகளில் சுவரில் தொங்கியது எந்தப் படம், அதன் மேல் எரிந்தது எந்த பல்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், பயிற்சி பெற்ற மூளை ஒன்றையும் காண்பதில்லை. பல்பு இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றுதான் அது நினைத்தது.

அடுத்த நாள் காலை எல்லாரையும் கூட்டி, மனைவியின் பழைய சேலைத் துண்டால் மூடியிருந்த படத்தைத் திறந்து வைத்தேன். “இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்!” என்றேன், பயிற்றுநரின் குரலில்.

எல்லாரும் படத்தையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு சின்ன மச்சான் கேட்டான்: “முப்பத்தொண்டாம் நாள் படையல் எண்டைக்கு மச்சான்? மரக்கறியா, மச்சமா?”

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டார்கள். பெரிய மச்சான் தன்னுடைய படத்துக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்று தலையை ஆட்டினார். “பாவம், நல்ல மனிசன். போறதுக்கு முதல் ஒரு நாளைக்காவது முதலாளி சொன்னதக் கேட்டிரிக்கலாம்.” யாரோ வேலியில் இருந்த செவ்வரத்தம் பூவைக் கோத்து மாலையும் போட்டுவிட்டார்கள். அன்று காலை நடந்த வேலை போல் ஒருநாளும் நடந்ததில்லை. எனக்கோ பெருமை. ஊக்குவிப்பு வேலை செய்கிறது என்று கதிரையில் இருந்து புதைந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் மெசினை நிறுத்தினார்கள். மச்சான் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி சோறு கொண்டு வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிற ஆள். சத்தமில்லாத வாடி, சுவரில் புருசனின் முகம், மாலை, எரிகிற பல்பு.

அக்கா கத்தவில்லை. சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்தபடியே மணலில் குந்திவிட்டார். அலையில் போன அவருடைய தம்பியின் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. அதே அளவு. அதே பல்பு.

“என்ன, இஞ்ச இரிந்து என்ன செய்யிறாய்?” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சான் வந்தார். அக்கா எழும்பி அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார். பிறகு அந்தக் கையாலேயே அவருடைய சேட்டைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை. என்னைப் பார்த்து ஒரு வசனம்தான் சொன்னார்.

“தம்பி, உங்கட வெளாட்டுக்கு வேற ஆரும் கிடைக்கல்லியா?”

சேட்டைப் பிடித்தபடியே புருசனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று பின்னேரமே அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சத்தியமும் வாங்கிவிட்டார் என்று சின்ன மச்சான் வந்து சொன்னான். இந்தப் பகிடிகளால்தான் எல்லாம் வந்தது, முதலாளியோடு இனிமேல் பகிடியே கூடாது, முதலாளியை முதலாளியாக நடத்த வேண்டும் என்று சத்தியம்.

மூன்றாம் நாள் காலை பெரிய மச்சான் வேலைக்கு வந்தார். குளித்து, திருநீறு பூசி, சேட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

“வணக்கம் முதலாளி. இண்டைக்கு என்ன வேலை?”

பகிடியாக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அதிலிருந்து தொடங்கியது என் வாழ்க்கையிலேயே மிக மோசமான காலம். ஏனென்றால், கேட்ட மரியாதை முழுவதும் எனக்குக் கிடைத்தது. பெரியவர் எப்படியோ மற்றவர்களும் அப்படி. நான் வந்தால் எழும்பினார்கள். நான் சொல்லும்வரை ஒருவரும் கையை அசைக்கவில்லை. “மண் ஈரமா இரிக்கு முதலாளி, தண்ணியக் குறைக்கவா?” “கல்ல நிழல்ல அடுக்கவா, வெயில்லயா முதலாளி?” எனக்கு என்ன தெரியும்? முன்பெல்லாம் நான் பிழையாக ஒன்றைச் சொன்னால் அவர் என்னைக் கிழித்துவிட்டு, சரியானதைச் செய்துவிடுவார். இப்போது நான் சொன்னதை அப்படியே செய்தார்கள். ஒருநாள், காய்கிற கல்லுக்குத் தண்ணி அடிக்கவா என்று கேட்டபோது நான் வானத்தைச் சாத்திரக்காரன் போல் பார்த்து, “வேணாம், மழை வரும்” என்றேன். மழை வரவில்லை. கல்லெல்லாம் ரஸ்க் போல் உடைந்தது. “வேற என்ன செய்யச் சொல்றீங்க முதலாளி?” என்று பணிவாகக் கேட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் படுவான்கரையில் வீடு கட்டுவதற்கான கல்லு ஓடர் எங்களிடம் இருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், சண்டைக்கு ஓடி மீண்டும் வந்த சனம் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தது. மாரி வருவதற்கு முன் கல் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஓடரை வேறு வாடிக்குக் கொடுத்துவிடுவோம் என்று நிறுவனக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஓடர் போனால் வாடி நிற்காது. சின்ன மச்சான் ஏற்கனவே பாஸ்போட்டுக்குப் படம் எடுத்து வைத்திருந்தான், கட்டாருக்கு. மற்றவர்களும் போவார்கள். அதைவிட எனக்குப் பெரிதாக இருந்தது இன்னொன்று. அந்த ஊரில் நான் வந்த மாப்பிள்ளை. எனக்கென்று இருந்த ஒரே கூட்டாளி பெரிய மச்சான்தான். அவர் தினமும் பக்கத்தில் நின்றார். ஆனால், ஆளைக் காணவில்லை.

வாவியைக் கடக்கத் தட்டையான பெரிய மிதவை ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குப் ‘பாதை’ என்று பெயர். ஆட்கள், ஆடுமாடு, டிராக்டர் என்கிற உழவு மெசின் எல்லாம் அதில் ஏறிப் போகும். ஏறும் துறையில் அப்போது ஒரு காவல்நிலை இருந்தது. வழக்கமாகப் பெரிய மச்சான் தனக்குத் தெரிந்த எட்டுப்பத்துச் சிங்களச் சொற்களை உடைத்துப் போட்டு ஆமிக்காரப் பெடியனை ஒரு சிரிப்புச் சிரிக்க வைப்பார், கல் ஏற்றிய எங்கள் உழவு மெசின் போய்விடும். அந்தக் கிழமை அவர் வாயைத் திறக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தார். எப்போதும் சிரிக்கிறவன் சிரிக்காவிட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே? மெசினின் பின்பெட்டியில் இருந்த கல் முழுவதையும் இறக்கிக் காட்டச் சொன்னார்கள். இறக்கி, காட்டி, திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் பாதை அந்தக் கரைக்குப் போய்விட்டது.

மனைவியிடம் போய் அழுதேன். “உங்கட அண்ணனோட ஒருக்காப் பறையுங்களன்.”

“நான் என்னத்தப் பறைய? மரியாதை வேணுமெண்டு பயிற்சிக்குப் போனது ஆரு? கிடைச்சிரிக்கு. பத்திரமா வெச்சுக்கொள்ளுங்க.”

கடைசியில் அக்காவிடம் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழம், படம் இருந்த அந்தச் சட்டம், நான். அக்கா என்னைப் பார்க்கவில்லை, சட்டத்தைப் பார்த்தார். படத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, உள்ளே போய் அம்மன் படத்தை எடுத்து வந்து அதில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

“அக்கா, நான் யோசிக்கல்ல” என்றேன்.

“அது ஊருக்கே தெரியும் தம்பி.” பல்பை ஒருமுறை போட்டுப் பார்த்தார். “நான் இரவில எழும்பி அவருக்கு மூச்சு வருதா எண்டு பாக்கிறன், அண்டையில இரிந்து.”

கையில் இருந்த படத்தை முகம் தெரியாமல் திருப்பிப் பிடித்தேன். பிறகு, “அந்தச் சத்தியம்...” என்று இழுத்தேன்.

“நான் அதத் திருப்பி எடுக்கமாட்டன். மறுகா, அவர்ட வாய் தானாத் தொறந்தா நான் ஒண்டும் சொல்லவும் மாட்டன். நீங்க பழத்த அங்க வெச்சிட்டுப் போங்க.”

தானாகத் திறக்க வேண்டும். அதற்காக ஒரு முதலாளி செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தேன். சேட்டைப் பிறபக்கமாகப் போட்டுக்கொண்டு போனேன். “சேட்டு மாறிக் கிடக்கு முதலாளி” என்று மெதுவாக, ஒருவருக்கும் கேட்காமல் சொன்னார். கதிரையோடு சேர்ந்து பின்பக்கமாக விழுந்தேன். ஓடி வந்து தூக்கி, “அடி பட்டுதா முதலாளி?” என்று மணலைத் தட்டிவிட்டார். இன்னொரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன், “மச்சான், எனக்கு ஒரு ஏச்சு ஏசுங்களன். ஒரே ஒரு ஏச்சு.”

“நான் உங்கள ஏசலாமா முதலாளி?” என்றார். கண்ணில் ஒரு துடிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டு மண்ணை வெட்டப் போனார். அவருக்கும் அது எளிதாக இருக்கவில்லை என்று அன்றுதான் கண்டேன். உள்ளே எத்தனை பகிடி புளித்துக் கிடந்ததோ!

மாரி மேகம் கிழக்கே கறுக்கத் தொடங்கிய ஒரு காலை, மிச்சக் கல்லை ஏற்றிக்கொண்டு பாதையில் போனோம். மச்சான் மெசின் ஓட்டினார், வாடியில் நின்ற மற்றவர்களும் கல் இறக்கக் கூட வந்தார்கள். நானும் போனேன். தலைவர் களத்தில் நிற்க வேண்டுமல்லவா? அந்தக் கரையில் கல்லுக்காகச் சனம் வந்து நின்றது. தறப்பாளுக்குள் இருந்து வந்தவர்கள், தோளில் பிள்ளைகளோடு. துறைக்கரை இரவு பெய்த முதல் மழையில் சேறாகிக் கிடந்தது. மெசினின் முன் சில்லு கரையில் இறங்கியதும் சேற்றில் ஆழப் புதைந்தது. பின் சில்லும் கல்லுப் பெட்டியும் இன்னும் பாதையில். பாரம் ஒரு பக்கமாக விழ, பாதை மெல்லப் பின்னுக்கு நழுவத் தொடங்கியது. மெசினுக்குக் கீழே தண்ணி தெரிந்தது. கட்டியிருந்த கயிறு முறுக்கிக்கொண்டு கத்தியது.

நான் மெசினுக்கு முன்னால் குதித்தேன். முழங்கால்வரை சேறு. இரண்டு கையையும் உயர்த்தி, “எல்லாரும் அமைதியா இரிங்க! முதல்ல நிலைமைய விளங்கிக்கொள்ளுவம்! ஒவ்வொருத்தரும் உங்கட கருத்தச் சொல்லுங்க!” என்று கத்தினேன். இப்படித்தான் கத்தினேன் என்று சத்தியம் பண்ணுவேன். பாதைக்காரர் தலையில் கை வைத்தார். கரையில் நின்ற ஒரு கிழவர் உண்மையிலேயே கருத்துச் சொல்லத் தொடங்கினார்.

மச்சான் மெசினில் எழும்பி நின்றார். கழுத்துவரை பூட்டியிருந்த பொத்தான் ஒன்று தெறித்தது. “டேய் தொப்ப, கயித்த மரத்துல சுத்துடா! நீ பலகையப் போடு சில்லுக்கு, உன்ட காதலிய இல்ல, பலகைய! நாலு பேர் பெட்டியத் தள்ளுங்க!” ஆட்கள் பறந்தார்கள். கரையில் நின்ற சனமும் சேற்றில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தது. பலகை விழுந்தது, மெசின் உறுமிக்கொண்டு கரையில் ஏறத் தொடங்கியது, எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. ஓடிக் கயிற்றைப் பிடிக்கப் போனேன், அங்கே இடமில்லை. பெட்டிப் பக்கம் போனேன், வழுக்கி விழுந்தேன். சேற்றில் இருந்தபடியே நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டேன், “மச்சான், நான் என்ன செய்யட்டும்?”

“சும்மா இரிடா விசரா, உனக்கு அது ஒண்டுதான் வடிவா வரும்!”